ரிப்பன் மாளிகையின் நாற்காலியும் நடைபாதையும்

2022 மார்ச் 4ஆம் நாள் சென்னை மாநகராட்சியின் மேயராக ஆர்.பிரியா பொறுப்பேற்றார். இரண்டு நாள் முன்பு, மார்ச் 2 அன்று, 200 வார்டு உறுப்பினர்களும் பதவிப் பிரமாணம் எடுத்திருந்தார்கள். 74ஆவது வார்டிலிருந்து வந்தவர் பிரியா. இருபதுகளின் இறுதியில் இருந்த இளம்பெண். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு, மேயருக்கான அங்கியும் சங்கிலியும் அணிந்து அவர் நாற்காலியில் அமர்ந்த படம் அன்று மாலைக்குள் எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. 1688இல் தொடங்கிய மாநகராட்சியின் 334 ஆண்டு வரலாற்றில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண் அவர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண்.

நாம் மகிழ்ந்தோம். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை ஆற்றங்கரைப் பகுதிகளில் வேலை செய்யும் நமக்கு, அந்தப் படத்தைப் பார்த்த நம் பெண்களின் முகம் என்ன சொன்னது என்று தெரியும். ஆனால் பதவியேற்பு ஒரு நாள் நிகழ்ச்சி. அந்த நாற்காலிக்கு நம் மக்கள் எந்த வழியாக வந்தார்கள், வந்த பிறகு அந்த நாற்காலியில் எவ்வளவு அதிகாரம் மிச்சம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் வரலாறு முழுமையாகும்.

வரி கட்டியவர்களின் நகரம்

1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் கிடைத்த சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆல்டர்மேன்கள் 12 பேர். ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூதர் ஆகியோருடன் உள்ளூர்ப் பெருவணிகர்களுக்கும் அதில் இடம் இருந்தது. கம்பெனியின் நோக்கம் எளிமையானது. நகரத்தாரிடம் வரி வாங்க வேண்டும். வாங்குவதற்கு நகரத்தாரிலேயே சிலரை முன்னால் நிறுத்த வேண்டும். வரி கொடுப்பவனுக்கு மன்றம், கொடுக்க வழியில்லாதவனுக்கு வேலை என்ற பிரிவினை அன்றே விழுந்துவிட்டது. அந்தக் காலத்து நகர வரைபடங்களில் சேரி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நகரத்தின் சுமையைத் தூக்கியவர்கள், படகிலிருந்து சரக்கு இறக்கியவர்கள், கழிவை அள்ளியவர்கள் வரைபடத்தில் இருந்தார்கள், மன்றத்தில் இல்லை.

இருநூறு ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உள்ளாட்சிக்குத் தந்தை என்று கொண்டாடப்படும் ரிப்பன் பிரபுவின் பெயரில் 1913இல் வெள்ளை மாளிகை எழுந்தது. ஆனால் வாக்குரிமை சொத்தையும் வரியையும் ஒட்டியே இருந்தது. குடிசையில் இருப்பவருக்குச் சொத்து வரி இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. 1919ஆம் ஆண்டின் சென்னை நகராட்சிச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் கூட்டியது உண்மை. அதனால் பயன்பெற்றவர்கள் பிராமணரல்லாத வணிகர்களும் நிலவுடைமையாளர்களும்தான். ஆதிதிராவிடர்கள் மன்றத்துக்குள் நுழைய அரசின் நியமனத்தைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டியிருந்தது. நியமனம் என்பது கதவைத் திறந்துவிட்டு, பேசும்போது கதவைப் பார்க்கச் சொல்லும் ஏற்பாடு.

இங்கே ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பின்னாளில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய மதிய உணவுக்கு இதுவே முன்னோடி. பசித்த பிள்ளைக்குச் சோறு போட ஒரு நகர மன்றத்தால் முடியும் என்று காட்டியது அந்தத் தீர்மானம்.

ஆனால் அடுத்த ஆண்டே வேறொன்றும் நடந்தது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டது. புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். அந்தக் கட்சியில் இருந்த எம்.சி.ராஜா 1923இல் வெளியேறினார். நமது ஈக்காட்டுத்தாங்கலுக்குப் பக்கத்தில் இருக்கும் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் அவர். பிராமணரல்லாதார் என்ற பொதுப்பெயருக்குள் நம் பங்கு எங்கே என்று அன்று அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை.

மன்றத்துக்குள் இரண்டு வழிகள்

1932 பூனா ஒப்பந்தம் என்றாலே நமக்குத் தனித்தொகுதியும் கூட்டுத்தொகுதியும்தான் நினைவுக்கு வரும். அதே ஒப்பந்தத்தில் உள்ளாட்சி பற்றியும் ஒரு கூறு உண்டு. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காக உள்ளாட்சித் தேர்தலிலோ அரசு வேலையிலோ யாருக்கும் தடை இருக்கக் கூடாது, உரிய பிரதிநிதித்துவம் கிடைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதில் கையெழுத்திட்டவர்கள். முயற்சி எடுக்க வேண்டும் என்று சொன்ன ஒப்பந்தம், எத்தனை இடம் என்று சொல்லவில்லை. சட்டமன்றத்துக்கு எண்ணிக்கை வந்தது, உள்ளாட்சிக்கு நல்லெண்ணம் வந்தது. அந்த நல்லெண்ணம் எண்ணிக்கையாக மாற அறுபது ஆண்டுகள் ஆயின.

அதற்கிடையில் சென்னை மன்றத்தில் நம் மக்களில் சிலர் மேயர் ஆனார்கள். 1933இல் மாநகராட்சித் தலைவர் பதவிக்கு மேயர் என்ற பெயர் திரும்ப வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் அந்தப் பெயரில் முதல்வர். 1937இல் ஜே.சிவசண்முகம் பிள்ளை மேயர் ஆனார். சென்னையின் முதல் தலித் மேயர் அவரே. பிறகு 1946 முதல் 1955 வரை சென்னை சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் இருந்தார். 1945இல் என்.சிவராஜ் மேயர் ஆனார். வழக்கறிஞர், சட்டக்கல்லூரிப் பேராசிரியர். 1942இல் நாக்பூரில் உருவான அகில இந்திய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவர். அண்ணல் அம்பேத்கருக்குத் தோளோடு தோள் நின்றவர். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சி அமைந்தபோது அதற்கும் அவரே முதல் தலைவர்.

இந்த இருவரும் இரண்டு வழிகள். ஒருவர் காங்கிரஸ் என்ற பெரிய கட்சியின் வழியாக வந்தார். மற்றவர் நம் சொந்த அமைப்பைக் கட்டிக்கொண்டே வந்தார். பெரிய கட்சி வழி பதவியில் நீடிக்க உதவுகிறது, சொந்த அமைப்பின் வழி பதவியில் பேச உதவுகிறது. எது சரி என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் அன்றைய மேயர் பதவியின் ஆயுள் ஓராண்டு. நிர்வாக அதிகாரம் அரசு நியமித்த ஆணையரிடம் இருந்தது. நாற்காலி கிடைத்தவர்களுக்குச் சாவி கிடைக்கவில்லை என்பது இருவருக்கும் பொது.

அதே காலத்தில் வீட்டுக்குள் அல்ல, மேடையில் இருந்தார் அன்னை மீனாம்பாள். ரங்கூனில் பிறந்தவர், சிவராஜின் வாழ்க்கைத் துணை. 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னை வந்தபோது நடந்த பட்டியல் சாதிப் பெண்கள் மாநாட்டுக்கும், 1945இல் பம்பாயில் நடந்த மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார். மேயர் ஆவதற்கான தகுதி கொண்ட தலித் பெண் சென்னையில் 1945லேயே இருந்தார். அவரைப் போன்ற ஒருவர் அந்த நாற்காலிக்கு வர 2022 வரை ஆனது. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று இடஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த 77 ஆண்டுகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

மன்றமே இல்லாத ஆண்டுகள்

சென்னையின் உள்ளாட்சி வரலாற்றில் நாம் அதிகம் பேச வேண்டியது, மன்றம் இருந்த ஆண்டுகளைவிட இல்லாத ஆண்டுகளைப் பற்றித்தான். மஸ்டர் ரோல் ஊழல் குற்றச்சாட்டை அடுத்து 1973இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. இல்லாத தொழிலாளர்களின் பெயரில் கூலி எடுத்தார்கள் என்பது புகார். தண்டனை யாருக்குப் போனது? 23 ஆண்டுகள் சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. 1996இல்தான் தேர்தல் நடந்தது. மு.க.ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் ஆனார்.

அந்தத் தேர்தலுக்குக் காரணம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் வார்டுகள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று அது சொன்னது. 2016இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்ந்தது. பூனா ஒப்பந்தத்தின் நல்லெண்ணம் எண்ணிக்கையானது இப்படித்தான்.

அதே 2016இல் தேர்தலும் நின்றது. அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. பிறகு வார்டு வரையறை, வழக்கு, கொரோனா என்று ஆண்டுகள் ஓடின. 2022 வரை சென்னையை நடத்தியவர்கள் அதிகாரிகள்.

இந்த ஆண்டுகளில் ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்பதை ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து பார்த்தால் விளங்கும். தாங்கல் என்றால் சிறு நீர்நிலை. ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஒருபக்கம் அடையாறு, மறுபக்கம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை. இப்போது மெட்ரோ நிலையமும் கண்ணாடிக் கட்டடங்களும் வந்துவிட்டன. பட்டறையில் வேலை, வீட்டு வேலை, கட்டட வேலை, துப்புரவு வேலை என்று இந்தப் பகுதியை ஓடவைத்தவர்கள் ஆற்றோரத்தில் குடியிருந்தார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு பெருகியபோது ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டைக் கரைகள் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் ஆக்கிரமிப்பு என்ற சொல் வந்தது. ஆற்றை மறித்த பெரிய கட்டடங்களைவிட்டு, குடிசைகளை நோக்கி வந்தது. கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பப்பட்டார்கள். படிப்பு நடுவில் நின்ற பிள்ளைகள், வேலைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டிய பெண்கள் என்று அதன் விளைவுகளை நாம் பல வீடுகளில் பார்த்தோம்.

ஒரு சங்கதி மட்டும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஊராட்சி. ஆக, ஆற்றங்கரையிலிருந்து அனுப்பப்பட்டவர் வீட்டோடு சேர்த்துத் தன் நகர வாக்கையும் இழந்தார். சென்னைக்கு வேலைக்கு வருவார், சென்னையின் குப்பையை அள்ளுவார், சென்னையின் மேயரைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் இதுவே நடந்தது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, 155 வார்டுகள் 200 ஆனபோதுதான் நகரம் அவர்களைத் தேடி வந்தது. வெளியேற்றம் என்பதை நாம் வீட்டுப் பிரச்சினையாக மட்டுமே பேசிவருகிறோம். அது வாக்காளர் பட்டியலின் பிரச்சினையும்தான். ஒரு வார்டிலிருந்து நம் மக்களை எடுத்துவிட்டால் அடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அந்த வார்டு தனி வார்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும்.

இந்த வெளியேற்றங்களைப் பற்றிக் கேள்வி கேட்க ஆற்றங்கரையில் 2016 அக்டோபருக்குப் பிறகு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கவுன்சிலர் இருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. குடிசை மாற்று வாரியம் 1970இலிருந்து மாநில அரசின் கையில். ஆறு அன்று பொதுப்பணித் துறையின் கையில் இருந்தது. குடிநீரும் கழிவுநீரும் 1978இலிருந்து தனி வாரியத்தின் கையில். நம் மக்களுக்கு உயிர்நாடியான மூன்றும் மன்றத்துக்கு வெளியே போய்விட்டன. ஆனாலும் நடு இரவில் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்திருக்கும். மன்றத்தில் எழுந்து நின்று ஊர் பெயரைச் சொல்ல ஒரு குரல் இருந்திருக்கும்.

நாற்காலி வந்த பிறகு

2022 ஜனவரியில் சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியல் சாதிப் பெண்களுக்கும், ஆவடி மேயர் பதவி பட்டியல் சாதிப் பொதுப் பிரிவுக்கும் ஒதுக்கப்பட்டன. தாம்பரத்தில் வசந்தகுமாரி, ஆவடியில் உதயகுமார். தலைநகரமும் அதன் இரண்டு பக்கத்து மாநகராட்சிகளும் தலித் மேயர்களின் கையில் வந்தது சிறிய செய்தி அல்ல. மேலவளவில் ஊராட்சித் தலைவர் ஆனதற்காக முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடாமல், 2006இல்தான் தலைவர்கள் நிலைத்த மாநிலம். 2020இல்கூடக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினக் கொடியேற்றத் தலைவரை அனுமதிக்கவில்லை. நாற்காலி என்பது இங்கே வெறும் மரச்சாமான் அல்ல. அதனால்தான் பிரியா நாற்காலியில் அமர்ந்த படம் நமக்கு முக்கியமானது.

ஆனால் ஒதுக்கீடு வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் கொண்டுவந்த அவசரச் சட்டத்தால் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை போய்விட்டது. சென்னையில் ஒரு தலித் பெண் மேயர் ஆகும் முதல் தேர்தலில், மேயருக்கென்று யாரும் வாக்களிக்கவில்லை. 200இல் 153 வார்டுகளை வென்ற கட்சியின் தலைமை ஒரு பெயரைச் சொன்னது, மன்றம் ஏற்றது. அதே மார்ச் 4 அன்று கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளை ஆளுங்கட்சியினர் சில ஊர்களில் தாங்களே கைப்பற்றிக்கொண்டார்கள். விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கிய நெல்லிக்குப்பமும் அதில் ஒன்று. கட்சித் தலைமையே கண்டித்து ராஜினாமா செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. மேலிருந்து கொடுக்கப்படும் பதவிக்குக் கீழே எவ்வளவு எதிர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது முதல்வரின் வாகன அணிவகுப்பில் மேயர் ஒரு வண்டியின் பக்கவாட்டில் தொங்கியபடி சென்ற காட்சி பரவியது. அதை வைத்து அவரைக் கேலி செய்தவர்கள் பலர். நமக்குக் கேலி செய்ய எதுவும் இல்லை. அதே வண்டியில் ஆணையரும் தொங்கினார், கேலி அவருக்குப் போகவில்லை. நாம் கேட்பது வேறு. தலைநகரின் முதல் குடிமகள் என்று சொல்லப்படுபவருக்கு அந்த அணிவகுப்பில் உட்கார ஓர் இருக்கை ஏன் இல்லை?

இதைவிடப் பெரிய சோதனை 2025 ஆகஸ்டில் வந்தது. இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் மக்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். மழையிலும் வெயிலிலும் 13 நாள் அந்த நடைபாதையில் இருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. 1920இல் பள்ளிப் பிள்ளைக்குச் சிற்றுண்டி கொடுத்தது உரிமையை நோக்கிய படி. 2025இல் வேலை உத்தரவாதம் கேட்டவருக்குச் சிற்றுண்டி கொடுப்பது எதை நோக்கிய படி?

திரு.வி.க. நகர் மண்டலம் மேயரின் சொந்த மண்டலம். 1921இல் எரிந்த புளியந்தோப்பும் அதற்குள்தான் இருக்கிறது. அன்று அந்த மில் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவரின் பெயரைத்தான் அந்த மண்டலம் தாங்கியிருக்கிறது. நூறாண்டில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெண் மேயர் நாற்காலிக்குப் போனார். அதே மண்ணில் குப்பை அள்ளும் பெண்கள் அந்த நாற்காலி இருக்கும் கட்டடத்தின் வாசலிலிருந்து தூக்கி ஏற்றப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் பிரதிநிதித்துவத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள்.

இதை மேயர் என்ற தனி மனிதரின் குறையாக மட்டும் சுருக்குவது எளிது. பலர் சுருக்கவும் செய்தார்கள். மற்ற சாதி மேயர்களின் காலத்திலும் துப்புரவுப் பணி தனியாருக்குப் போயிருக்கிறது, அப்போது யாரும் அவர்கள் சாதியைச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு தலித் பெண் வந்ததும் அவர் மட்டும் ஒட்டுமொத்தச் சமூகத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்பதிலும் ஒரு சாதிப் பார்வை உண்டு. அதற்காக மன்றத்துக்குப் பொறுப்பே இல்லை என்றும் ஆகாது. அங்கே 200 பேர் இருக்கிறார்கள். அந்த 13 நாளில் எத்தனை பேர் வாசலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள் என்பதை நம் மக்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த பதவியேற்புக்கு முன்

2022இல் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. 27 மாவட்டங்களின் ஊராட்சிகளில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்றே முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். சென்னையும் அந்த வழியில் போகவிடக் கூடாது. நாம் முன்வைப்பவை நான்கு. தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். மறுகுடியமர்வு என்ற பெயரில் நகர எல்லைக்கு வெளியே அனுப்பப்பட்ட குடும்பங்களின் வாக்கு எந்த நகரத்துக்காக உழைக்கிறார்களோ அந்த நகரத்தில் இருக்க வழி காண வேண்டும். வெளியேற்றம், குடிநீர், துப்புரவு ஒப்பந்தம் ஆகியவை மன்றத்தில் விவாதித்து, வார்டு சபையில் மக்களிடம் கேட்ட பிறகே முடிவாக வேண்டும். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுழற்சியில் நம் முறை வரும்போதும் அதே நேரடி வாக்கில் நம் பெண் வெல்ல வேண்டும்.

சிவராஜுக்கு ஓராண்டு கிடைத்தது. பிரியாவுக்கு ஐந்தாண்டு. இவர்களுக்கு முன்னும் பின்னும் ரிப்பன் மாளிகையைப் பெருக்கிச் சுத்தம் செய்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களில் ஒருவரின் வேலை நிரந்தரம் என்று அந்த மன்றம் தீர்மானம் போடும் நாளைத்தான் உண்மையான பதவியேற்பு நாள் என்று நாம் எண்ணுவோம்.